இலண்டன் சாக்கடையும் தேம்ஸ் ஆறும்

ஆற்றைப் பற்றி எழுதப் புகுவோர் அணையையும் படித்துறையையும் பாலத்தையும் போற்றி எழுதுவர். அவ்வாற்றில் வந்து கலக்கும் சாக்கடையின் வரலாற்றை எழுதுவார் அரியர். கல்விச் சங்கமொன்றின் வெள்ளி விழா மலரில் இந்தப் பொருள் எதற்கு என்று அன்பர்கள் சிலர் நம்மைக் கேட்கவும் கூடும். கேட்கட்டும். நம் சங்கத்திற்கு முதல் சந்தா கொடுத்த பெரியவர்களுள் பலர் நகரசபைத் துப்புரவுப் பணியில் உழைத்தவர்கள். ஊரின் அழுக்கு எங்கே பிறந்து எவ்வழியாகச் சென்று எங்கே போய் விழுகிறது என்பதை அவர்களைவிட நன்கறிந்தவர் எவருமில்லை. அந்த அறிவு ஏட்டில் ஏறவில்லை என்பதுதான் குறை. ஆகவே, இதே சிக்கலை உலகின் மிகப் பெரிய நகரமாக விளங்கிய இலண்டன் எவ்வாறு எதிர்கொண்டது, தேம்ஸ் ஆறு எவ்வாறு இருமுறை செத்துப் பிழைத்தது என்னும் வரலாற்றை நம் இளைஞர்கள் முன் வைக்க விழைகிறோம்.

1801-ஆம் ஆண்டில் இலண்டனின் மக்கள் தொகை ஏறத்தாழ பத்து லட்சம். அரை நூற்றாண்டில் அது இருமடங்கையும் கடந்துவிட்டது. அக்காலத்தில் வீட்டுக் கழிவெல்லாம் வீட்டின் அடியிலோ கொல்லையிலோ தோண்டிய மலக்குழியில் தேங்கும். இரவில் கூலியாட்கள் வந்து அள்ளி, வண்டியேற்றி, ஊருக்கு வெளியேயுள்ள வயல்களுக்கு எருவாக விற்பர். அங்கும் அந்த வேலையைச் செய்தவர் ஏழைகளே. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. அவ்வேலை எவருக்கும் பிறப்பினால் விதிக்கப்பட்டதன்று. குழி போனவுடன் வேலையும் போயிற்று, வேலை செய்தவன் வேறு வேலைக்குப் போனான். அவன் பேரன் நெற்றியில் அது எழுதப்படவில்லை. இதனை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடும் கழிப்பிடம் பரவியதும் நிலைமை மாறியது. குழிகள் விரைந்து நிரம்பி வழிந்தன. மழைநீருக்கென அமைந்த வடிகால்களில் வீட்டுக் கழிவை விடுவதற்கு 1815 முதல் அனுமதி தரப்பட்டது. 1848-ஆம் ஆண்டிலிருந்து அது கட்டாயமாக்கப்பட்டது. துர்நாற்றமே நோய் என்று நம்பிய எட்வின் சாட்விக் போன்ற சீர்திருத்தவாதிகள், வீட்டின் நாற்றத்தைப் போக்கிவிட்டால் நோயும் போய்விடுமென்று நல்லெண்ணத்துடன்தான் இதனைச் செய்தனர். விளைவு என்ன? ஏறத்தாழ இரண்டு லட்சம் மலக்குழிகளின் அழுக்கு ஓர் ஆற்றில் கொட்டப்பட்டது. தேம்ஸோ இலண்டனில் கடலின் ஏற்றவற்றத்திற்கு உட்பட்ட ஆறு. வற்றத்தில் கீழே சென்ற அழுக்கு ஏற்றத்தில் மீண்டும் மேலே வரும். ஊரார் வெளியே அனுப்பியதாக நினைத்தது, மாலையில் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்து நின்றது.

அந்த ஆற்றிலிருந்தே குடிநீரும் எடுக்கப்பட்டது! ஆற்றின் தென்கரையில் இரண்டு தண்ணீர்க் கம்பெனிகள் ஒரே தெருக்களில் குழாய் போட்டிருந்தன. அவற்றுள் லாம்பெத் கம்பெனி 1852-ஆம் ஆண்டில் தன் நீர் எடுக்கும் இடத்தை நகருக்கு மேலே, கடலேற்றம் எட்டாத தேம்ஸ் டிட்டனுக்கு மாற்றிக்கொண்டது. சவுத்வார்க்–வாக்ஸ்ஹால் கம்பெனியோ சாக்கடை கலக்கும் பாட்டர்ஸியிலேயே எடுத்து வந்தது. 1854-ஆம் ஆண்டில் காலரா வந்தபோது ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர், இறந்தவர் வீட்டுக்கு எந்தக் கம்பெனியின் தண்ணீர் வந்தது என்று கணக்கெடுத்தார். மேலாற்று நீர் குடித்த ஒவ்வொரு 10,000 வீட்டிற்கும் 37 சாவு. கீழாற்று நீர் குடித்த ஒவ்வொரு 10,000 வீட்டிற்கும் 315 சாவு. தெரு ஒன்று, காற்று ஒன்று, வறுமையும் ஒன்றே. குழாய் மட்டுமே வேறு. நோய் பரவுவது காற்றினாலன்று, நீரினால் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. எனினும் அதிகாரத்திலிருந்தோர் அதனை ஒப்புக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

அடுத்த ஆண்டு, 1855 ஜூலையில், மின்சார ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்ற மைக்கேல் பாரடே படகில் சென்றுகொண்டிருந்தார். வெள்ளை அட்டைத் துண்டுகளை நனைத்து ஆற்றில் போட்டுப் பார்த்தார். ஓரங்குலம் அமிழ்வதற்குள் அவை கண்ணுக்கு மறைந்தன. இதனைப் பத்திரிகைக்கு எழுதினார். கொல்லர் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் எடுபிடியாக இருந்து, பள்ளிப் படிப்பு மிகக் குறைவாகவே பெற்று விஞ்ஞானியானவர் அவர் என்பதை நம் மாணவர்களுக்கு இவ்விடத்தில் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அவர் எச்சரித்தபடியே 1858-ஆம் ஆண்டு ஜூன் மாதக் கோடையில் தேம்ஸ் நாறியது. ‘மாபெரும் துர்நாற்றம்’ என்றே வரலாற்றில் அது பெயர் பெற்றுவிட்டது. பாராளுமன்றம் ஆற்றங்கரையில் இருந்தது. சன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டும் பயனில்லை. நிதியமைச்சர் டிஸ்ரேலி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அறையை விட்டு வெளியேறியதைப் பத்திரிகைகள் எழுதின. ஜூலை 15-ஆம் நாள் அவரே மசோதாவைக் கொண்டுவந்தார். ஆகஸ்டு 2-ஆம் நாள் அது சட்டமாயிற்று. பதினெட்டே நாட்கள்! காலராவில் ஆயிரம் ஆயிரமாக ஏழைகள் மாண்டபோது அசையாத சபை, தன் மூக்கில் நாற்றம் ஏறியதும் அசைந்தது.

அந்த நாற்றத்தில் ஒரு கூறு ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு. நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்த பிறகு, பிராணவாயு இன்றி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கும்போது இது பிறக்கிறது. சிறிதளவில் அழுகிய முட்டை போல நாறும். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவில் சேர்ந்தால் மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்தில்லை என்று உள்ளே இறங்கியவன் நினைப்பான். அதனினும் பன்மடங்கு கூடினால் ஓரிரு மூச்சிலேயே நினைவிழந்து விழுவான். நம் நாட்டில் பாதாளச் சாக்கடையின் மேன்ஹோலிலும் மலத்தொட்டியிலும் இறங்கிய நம் சகோதரர்களைக் கொன்ற வாயுக்களுள் முதன்மையானது இதுவே. விழுந்தவனைத் தூக்க இறங்கிய இரண்டாமவனையும், மூன்றாமவனையும் கொன்றதும் இதுவே. ஆறு செத்தால் எழும் வாயுவும், மனிதனைச் சாகடிக்கும் வாயுவும் ஒன்றுதான் என்பதை வேதியியல் நூல் சொல்லுகிறது.

இலண்டனுக்குத் திரும்புவோம். பணியை ஏற்றவர் பெருநகர வேலைகள் வாரியத்தின் தலைமைப் பொறியாளர் ஜோசப் பாசல்ஜெட். ஆற்றை நோக்கி ஓடிய சாக்கடைகளைக் குறுக்கே மறித்து, ஆற்றுக்கு இணையாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் 82 மைல் நீளமுள்ள பெருஞ்சாக்கடைகளை அவர் அமைத்தார். தாழ்ந்த பகுதிகளில் நீராவி இயந்திரங்கள் கழிவை இறைத்து உயர்த்தின. வடகரைக் கழிவு பெக்டனிலும், தென்கரைக் கழிவு கிராஸ்னெஸிலும் பெருந்தொட்டிகளில் தேக்கப்பட்டு, கடல் வற்றும் வேளையில் திறந்துவிடப்பட்டது. 1865-இல் கிராஸ்னெஸ் நிலையம் திறக்கப்பட்டது. ஆற்றோரத்தில் பெருஞ்சாக்கடையை உள்ளடக்கி எழுந்த விக்டோரியா கரைச்சாலை 1870-இல் திறக்கப்பட்டது. பிற்காலத்தில் அண்ணல் அம்பேத்கர் பயின்ற இலண்டன் பொருளாதாரப் பள்ளியிலிருந்து நடந்தால் சில நிமிடங்களில் அச்சாலையை அடையலாம். அதன் அடியில் ஓடுவது சாக்கடை என்பது போவோர் வருவோர்க்குத் தெரியாது.

நகரம் பிழைத்தது, ஐயமில்லை. 1866-ஆம் ஆண்டில் காலரா மீண்டும் வந்தபோது, புதிய சாக்கடை வேலை இன்னும் முடியாத கிழக்கு இலண்டனையே அது பெரிதும் தாக்கி, அங்கே 5,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மற்றப் பகுதிகள் பெரும்பாலும் தப்பின. பாசல்ஜெட்டை மெச்சுவோர் பெரும்பாலும் இந்த இடத்தில் கதையை முடித்துவிடுவர். நாம் அவ்வாறு முடிப்பதற்கில்லை. ஏனெனில் அவர் அழுக்கை அழிக்கவில்லை, இடம் மாற்றினார். இலண்டனின் வாசலிலிருந்து எடுத்துக் கீழாற்றில் வாழ்ந்தவரின் வாசலில் வைத்தார். அங்கே பார்க்கிங் என்னும் ஊரின் மக்களும் அவ்வூர்ப் பாதிரியாரும் 1860-களின் இறுதியிலேயே அரசுக்கு முறையிட்டனர். விசாரணையும் நடந்தது. பெரிய நகரத்தின் வாரியம் குற்றத்தை மறுத்தது; சிற்றூரின் சொல் அம்பலம் ஏறவில்லை.

1878-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் மாலை. ‘பிரின்சஸ் ஆலிஸ்’ என்னும் உல்லாசப் படகு, உழைக்கும் குடும்பங்கள் பலவற்றை ஏற்றிக்கொண்டு நகருக்குத் திரும்பி வருகையில், ‘பைவெல் காசில்’ என்னும் நிலக்கரிக் கப்பல் மோதிச் சில நிமிடங்களில் மூழ்கியது. 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மோதிய இடம் பெக்டன், கிராஸ்னெஸ் வாய்களை அடுத்தது. சற்று முன்னர்தான் பல கோடி காலன் கழிவுநீர் ஆற்றில் திறந்துவிடப்பட்டிருந்தது. நீந்தத் தெரிந்தோரும் அந்த நீரில் தப்பவில்லை என்று பலர் சாட்சி கூறினர். கீழாற்றில் என்ன நடக்கிறது என்பதை நகரத்தார் அன்றுதான் கண்டனர், தம் உறவினரின் சடலங்களைத் தேடிச் சென்றபோது.

பிறகு 1882-இல் அரசு ஆணைக்குழு அமர்ந்தது. கழிவைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடலாகாது என்று 1884-இல் அது முடிவு கூறியது. 1887 முதல் சுண்ணாம்பும் இரும்பு உப்பும் இட்டுக் கசடைப் படியவைத்து, அக்கசடைக் கப்பலேற்றிக் கடலில் கொட்டினர். முதற்கப்பலின் பெயரே ‘பாசல்ஜெட்’. 1998 வரை இது தொடர்ந்தது என்பதும் சொல்லத் தக்கது. கடலுக்கு ஊர் இல்லையாதலால் முறையிட ஆளில்லை.

ஆற்றுக்குத் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் ஆற்றல் உண்டு. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. நீரில் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும்போது நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் சுவாசிக்கின்றன. ஒரு லிட்டர் நகரக் கழிவுநீர் அவ்வாறு செலவழிக்கும் பிராணவாயு ஏறத்தாழ 250 மில்லிகிராம். ஒரு லிட்டர் நல்ல ஆற்றுநீரிலோ 8 மில்லிகிராம் அளவே கரைந்திருக்கும். அதாவது ஒரு குடம் சாக்கடை முப்பது குடம் ஆற்றின் உயிரைக் குடிக்கவல்லது. நம் நாட்டு வெயிலில் நீர் வெதுவெதுப்பானால் கரையும் பிராணவாயு இன்னும் குறையும். நுண்ணுயிரின் பசியோ கூடும்.

இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1927 மார்ச் 20-ஆம் நாள் மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணலும் நம் மக்களும் நீர் அள்ளிப் பருகினர். குளம் தீட்டுப்பட்டதென்று வைதிகர்கள் 108 குடங்களில் பாலும் தயிரும் சாணமும் கோமியமும் கலந்து மந்திரத்துடன் குளத்தில் முக்கித் ‘தூய்மை’ செய்தனர். மேற்சொன்ன கணக்கின்படி பாலுக்குள்ள பிராணவாயுப் பசி சாக்கடை நீரின் பசியைப்போல் நூறு மடங்கிற்கும் மேல். மனிதர் கைபட்டதால் குளத்து நீருக்கு ஒரு கேடும் இல்லை. குடத்தில் இருந்ததால்தான் உண்டு!

சுத்திகரிப்பு நிலையம் என்பது, ஆறு பல மைல் தூரத்தில் பல நாட்களில் செய்வதை ஒரு தொட்டிக்குள் சில மணி நேரத்தில் செய்துமுடிக்கும் ஏற்பாடே. நுண்ணுயிரைக் கொல்வதைக் காட்டிலும் அதனை வேலைக்கு வைத்துக்கொள்வதே அறிவு என்பதை இலண்டன் வாரியத்தின் வேதியியலார் வில்லியம் டிப்டின் 1887-லேயே கூறினார். அதன் முழு வடிவம் மான்செஸ்டரில் கிடைத்தது. அந்நகரின் டேவிஹல்ம் நிலையத்தில் எட்வர்டு ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் என்னும் இருவர், கில்பர்ட் பவுலரின் வழிகாட்டலில், புட்டியில் கழிவுநீரை எடுத்து இடைவிடாது காற்றூதிப் பார்த்தனர். முழுதும் தெளிய ஐந்து வாரங்கள் ஆயின. பிறகு அவர்கள் செய்த காரியந்தான் அரியது. தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் தங்கிய கசடை எறிந்துவிடாமல், அதன்மீதே புதிய கழிவை ஊற்றினர். திரும்பத் திரும்ப அவ்வாறு செய்யச் செய்ய, ஐந்து வார வேலை ஒரே நாளில் முடிந்தது. அக்கசடு குப்பையன்று, உழைக்கத் தயாராக நிற்கும் கோடிக்கணக்கான உயிர்களின் கூட்டம். ‘ஆக்டிவேடட் ஸ்லட்ஜ்’ என்று அதற்குப் பெயரிட்டு 1914 ஏப்ரல் 3-ஆம் நாள் அறிவித்தனர். பவுலர் 1916-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திற்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். ஆகவே இந்த அறிவு நம் பக்கம் வரக் காலம் பிடித்தது என்று எவரும் சாக்குச் சொல்வதற்கில்லை.

இன்றைய நிலையங்களிலும் முறை இதுவே. சல்லடையில் துணியும் பிளாஸ்டிக்கும் நிற்கும், மணல் படியும், முதல் தொட்டியில் கனத்த கசடு இறங்கும், அடுத்த தொட்டியில் காற்றூதுவர், பின்னர்த் தெளிவிக்கும் தொட்டியில் உயிர்க்கசடு கீழே தங்க, தெளிந்த நீர் மேலே வழியும். கசடில் ஒரு பங்கு மீண்டும் காற்றூதும் தொட்டிக்கே திரும்பும். மிஞ்சியதை மூடிய கலத்தில் செரிக்கவைத்தால் எரிவாயு கிடைக்கும். வெளியேறும் நீரின் பிராணவாயுப் பசி லிட்டருக்கு 20 மில்லிகிராமும், மிதக்கும் துகள் 30 மில்லிகிராமும் மிகலாகாது என்று 1912-இல் பிரிட்டிஷ் அரசு ஆணைக்குழு வகுத்தது. அதுவும், எட்டு மடங்கு தூய ஆற்றுநீர் அதனோடு கலக்கும் என்ற கணக்கில்! கோடையில் வறண்டு கிடக்கும் ஆற்றுக்கு அந்த அளவு போதாது. சாயத்தையும் தோல் பதனிடும் உப்பையும் குரோமியத்தையும் இந்த நுண்ணுயிர்கள் தின்னமாட்டா என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

வழி தெரிந்தும் இலண்டன் பொருட்செலவுக்கு அஞ்சிக் காலம் கடத்தியது. நகரம் பெருகியது, போரில் குண்டுகள் விழுந்தன. 1957-ஆம் ஆண்டில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தார் ஆராய்ந்தபோது, கியூவிலிருந்து கிரேவ்சென்டு வரை ஆற்றில் நிலையாக வாழும் மீனே இல்லை. இரண்டாம் முறையாக ஆறு செத்தது. அதன்பின் 1970-களின் நடுப்பகுதி வரை பெக்டன், கிராஸ்னெஸ் நிலையங்கள் முழு அளவில் விரிவாக்கப்பட்டன. 1964 முதல் மின்நிலையங்களின் நீர்ச்சல்லடையில் மீன்கள் சிக்கத் தொடங்கின. 1974-இல் வெஸ்ட் தராக் மின்நிலையத்தில் ஒரு சால்மன் மீன் கிடைத்தது. ஏறத்தாழ 140 ஆண்டுகளாக அவ்வாற்றில் காணப்படாத மீன் அது. பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட மீனினங்கள் அங்கே பதிவாயின. பெருமழையில் பழைய சாக்கடைகள் ஆற்றில் வழிவது மட்டும் நிற்கவில்லை; அதற்கென 25 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய சுரங்கம் தோண்டி, 2025-இல் முழுவதும் இணைத்தனர்.

நம் சென்னைக்கும் 1910-இல் பாதாளச் சாக்கடைத் திட்டம் வகுக்கப்பட்டது. 1961-இல் ஏறத்தாழ ஆறரை லட்சம் மக்கள் இருப்பர் என்று கணக்கிட்டனர். அவ்வாண்டுக் கணக்கெடுப்பில் இருந்தவர் பதினேழு லட்சத்திற்கும் மேல். கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் சுத்திகரிப்பு நிலையங்கள் பின்னர் எழுந்தன. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019 முதல் நாளொன்றுக்குத் தலா நாலரைக் கோடி லிட்டர் கழிவுநீர் மேலும் தூய்மையாக்கப்பட்டு ஆலைகளுக்குப் பயன்படும் வகை செய்யப்பட்டது. நிலையத்தை எட்டும் நீர் சுத்தமாகிறது. எட்டாத நீர் கூவத்திலும் அடையாற்றிலும் விழுகிறது. குழாய் அடைத்துக்கொண்டால், இயந்திரம் இல்லாத இடத்தில், இன்னும் ஒரு மனிதனைக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடப்படுபவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பதை நாம் எழுதவேண்டியதில்லை.

கையால் மலம் அள்ளுவதை 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. 1993 முதல் அவ்வாறு இறந்தோர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் தருமாறு 2014 மார்ச் 27-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அதனை முப்பது லட்சமாக உயர்த்தியது. டிஸ்ரேலியின் மூக்கைத் தொட்ட வாயுவுக்குப் பதினெட்டு நாளில் சட்டம் வந்தது. அதே வாயுவில் நம்மவர் மாண்டதற்கு வந்த சட்டத்தின் காலத்தை இளைஞர்களே கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

நம் மாணவர்களுள் சிலர் வேதியியலும் பொறியியலும் பயின்று வருகின்றனர். அவர்களுக்கு ஒரு சிறு வேலை தருகிறோம். நம் ஊர் ஆற்றில் சாக்கடை கலக்கும் வாய்க்கு மேலே ஒரு புட்டியும், கீழே ஒரு புட்டியும், கையுறை அணிந்து, குமிழி நில்லாமல் நீர் நிரப்பிக்கொண்டு வாருங்கள். ஒவ்வொன்றிலும் சில துளி மெத்திலின் புளூ விட்டு, இறுக மூடி, இருட்டில் வையுங்கள். நீரில் பிராணவாயு உள்ளவரை நீலம் நிற்கும். அது தீர்ந்து நீர் அழுகத் தொடங்கினால் நீலம் மறையும். எந்தப் புட்டியில் எத்தனை நாளில் மறைந்தது என்பதை நாள் குறித்து எழுதி, நீர் எடுத்த இடத்தையும் வரைந்து, சங்க அலுவலகத்தில் கொடுங்கள். நகராட்சிக்கு அனுப்பும் மனுவோடு அதனை இணைப்போம்.